தூதர் எழுதிய நாலு வரியில் அழுகிற முதியவர்கள்: அந்தக் கண்ணீரை நம்பலாமா?

குடவாசல்காரி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். இப்போது சீனத்துப் பழைய பயணக் கவிதைகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எனக்குச் சீன மொழி தெரியாது, ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறேன். போன வாரம் ஒரு கவிதையில் மாட்டிக்கொண்டேன். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

கவிஞர் ஃபான் செங்தா, தெற்குச் சோங் அரசின் அதிகாரி. பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1127-இல் வடக்கிலிருந்து வந்த ஜூர்சென் இனத்தாரின் ஜின் அரசு, சோங் தலைநகரமான கைஃபெங்கைப் பிடித்து, பேரரசரையும் அவருடைய தகப்பனாரையும் சிறைபிடித்துக்கொண்டு போனது. தப்பிய இளவரசர் ஒருவர் தெற்கே ஹாங்சோவில் அரசை நிலைநிறுத்தினார். 1141 ஒப்பந்தத்தில் ஹுவாய் ஆறு எல்லையாகிவிட்டது. ஆற்றுக்கு வடக்கே இருந்த சீனர்கள் ஜின் குடிகள். தெற்கு அரசு வருஷா வருஷம் வெள்ளியும் பட்டும் கட்ட வேண்டும்.

1170-இல் ஃபான் செங்தாவை ஜின் பேரரசரிடம் தூது அனுப்புகிறார்கள். சோங் பேரரசர்களின் கல்லறைகள் இருக்கும் நிலத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். அப்புறம், ஜின் கடிதம் வந்தால் சோங் பேரரசர் எழுந்துவந்து வாங்க வேண்டும் என்றிருந்த அவமானமான முறையை மாற்றச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவதை அரசாங்கக் கடிதத்தில் எழுத இவருடைய அரசுக்கே துணிச்சல் இல்லை. இவரே தனியாக ஒரு விண்ணப்பம் எழுதி, மறைத்து எடுத்துப்போய், சபையில் நீட்டினார். அங்கேயே கொல்லப்பட்டிருக்க வேண்டியவர். கேட்ட இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை, உயிரோடு திரும்பினார்.

ஹுவாய் ஆற்றைத் தாண்டியதிலிருந்து இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடம் வரை, வழிநெடுக 72 கவிதைகள். எல்லாம் நாலு நாலு வரி. கைஃபெங்கில், பழைய அரண்மனை வாசலுக்குப் போகும் பாலத்தில் எழுதியது இது. என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்:

பாலத்துக்குத் தெற்கும் வடக்கும் அரச வீதி.
மன்னர் திரும்புவார் என ஆண்டுதோறும் காத்திருக்கும் முதியவர்கள்
கண்ணீரை அடக்கி, குரல் உடைந்து, தூதரைக் கேட்கிறார்கள்:
"நம் படை மெய்யாகவே எப்போது வரும்?"

படித்து முடித்ததும் வட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் எங்களோடு வரும் பிளஸ் டூ பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அவங்க நிஜமாவே அழுதாங்களா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இதே பயணத்துக்கு இவர் ஒரு நாட்குறிப்பும் எழுதியிருக்கிறார். அதில் இதே ஊரைப் பற்றி வேறு மாதிரி எழுதுகிறார். இங்குள்ள மக்கள் வெகுகாலமாக அந்நியர் பழக்கத்தில் ஊறிவிட்டார்கள், நடையும் விருப்பமும் மாறிவிட்டன, உடை முழுக்க அவர்களுடைய உடையாகிவிட்டது, ஹுவாய் தாண்டியது முதலே இப்படித்தான், பழைய தலைநகரில் இன்னும் மோசம், பெண்களின் உடைதான் அவ்வளவாக மாறவில்லை என்கிறார். அதில் அருவருப்பு தெரிகிறது. மன்னருக்காகக் காத்திருக்கும் மக்களைப் பார்த்த ஒருவர் எழுதுகிற வரிகளாக அவை இல்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. தூதருக்குப் பக்கத்திலேயே ஜின் அதிகாரிகள் வழித்துணையாக வருவார்கள். ஊரின் நடுவீதியில், அவர்கள் காது கேட்க, "நம் படை எப்போது வரும்" என்று எந்தக் கிழவராவது கேட்டிருக்க முடியுமா? கேட்டிருந்தால் தலை தப்புமா?

அப்படியென்றால் அந்த முதியவர்கள் யார்? ஹாங்சோவில் உட்கார்ந்து படிப்பவர்களுக்காக இவர் கொண்டுவந்து நிறுத்தியவர்களா? அந்தப் பையனுக்கு ஒப்புக்கு ஒரு பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதுகிறார்:

டீச்சர், அழுதார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஃபான் செங்தாவுக்குச் சில மாதங்கள் முன்னால்தான் லௌ யுவே என்ற இளைஞர் இன்னொரு தூதுக்குழுவில் எழுத்தராகப் போனார். அவரும் நாட்குறிப்பு வைத்திருந்தார். கைஃபெங்கில் ஊரே திரண்டு நின்று பார்த்தது என்றும், தலை நரைத்த கிழவர்கள் பெருமூச்சு விட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள் என்றும் எழுதுகிறார். துணைத் தூதரைக் காட்டி, "இவர் பழைய காலத்து அதிகாரி" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்களாம். ஒரு கிழவரும் தூதரிடம் வந்து பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓரமாக நின்று அழுதார்கள், அவ்வளவுதான். லௌ யுவே பார்த்ததை மட்டும் எழுதினார். ஃபான் செங்தா அவர்கள் வாயில் கேள்வியை வைத்தார்.

அந்தக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். "மெய்யாகவே எப்போது" என்கிறார்கள். வருவோம் வருவோம் என்று சொல்லி வராமல் இருந்தவர்களைப் பார்த்துத்தானே அப்படிக் கேட்பார்கள்? சமாதானம் பேசி, பட்டும் வெள்ளியும் கட்டிவிட்டு, மேற்கு ஏரிக்கரையில் நிம்மதியாக இருந்த ஹாங்சோ அரசவையைக் குத்தும் வரி அது. ஜின் அரசு அதில் இரண்டாம் பட்சம். நம் ஊரில் மன்னனிடம் நேராகச் சொல்ல முடியாததைப் பாணன் வாயிலும் தோழி வாயிலும் வைத்துச் சொல்லவில்லையா?

அதே காலத்துத் தெற்குச் சோங் கவிஞர் யாங் வான்லியையும் சேர்த்துப் படியுங்கள். 1189 குளிர்காலத்தில், ஜின் தூதரை எதிர்கொண்டு அழைத்துவர ஹுவாய் ஆற்றுக்குப் போனார். வெகுதூரம் போனால்தான் உலகின் விளிம்பு என்பதில்லை, இந்த ஆற்றின் நடு நீருக்கு அந்தப் பக்கமே உலகின் விளிம்பு என்கிறார். நான் இதைப் படித்த பிறகு அணைக்கரைப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் யோசிப்பேன்: கொள்ளிடத்தின் பாதி வரைதான் நம் ஊர், மீதிப் பாதி வேறு அரசு, அக்கரை அத்தை வீட்டுக்குப் போக முடியாது என்றால் எப்படி இருக்கும்? அந்தத் தொகுப்பில் இன்னொரு கவிதையில், இரு கரைப் படகுகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன, அவற்றின் அலைத்தடம்கூட ஒன்றோடொன்று கலக்க முடியவில்லை, கட்டுக்காவல் இல்லாத கடற்காக்கையும் கொக்கும் மட்டும் இஷ்டம்போல் பறக்கின்றன என்று வரும். யாரையும் அழ வைக்காமல் எழுதிய கவிதை. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

ரங்கூன் வீட்டுப் பொண்ணு எழுதுகிறார்:

அக்கா, ஒரு சின்ன விவரம். ஃபான் செங்தா பிறந்தது 1126. யாங் வான்லி 1127. இவர்களோடு சேர்த்துப் பேசப்படும் லூ யோவ் 1125-இல், பெற்றோர் ஹுவாய் ஆற்றில் படகில் போய்க்கொண்டிருக்கும்போது பிறந்தவர். 1127 தொடக்கத்தில் கைஃபெங் விழுந்தபோது ஃபான் செங்தாவும் லூ யோவும் கைக்குழந்தைகள், யாங் வான்லி இன்னும் பிறக்கவே இல்லை. சோங் ஆட்சியில் இருந்த கைஃபெங்கை ஒருவரும் நினைவு தெரிந்து பார்த்ததில்லை. தான் நினைவு தெரிந்து பார்த்தே இராத ஊருக்கு 44 வயதில் தூதராகப் போய், அங்கே அழுகிற முதியவர்களைத் தேடுகிறார் ஃபான் செங்தா.

எனக்கு இது நன்றாகவே புரியும். எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. 1962-க்குப் பிறகு அங்கே கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறியவர்கள். நான் பிறந்தது திருவாரூரில். ரங்கூனைப் பார்த்ததில்லை. ஆனால் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் எங்கள் கடை, மழை பெய்தால் எந்த முக்கில் தண்ணீர் கட்டும் என்பது வரை எனக்குத் தெரியும். அம்மா இன்றும் மோஹிங்கா வைப்பார். கெளுத்தி மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, வாழைத்தண்டைச் சன்னமாக அரிந்து போட்டு, கடலை மாவைக் கரைத்து ஊற்றுவார். குழம்பு கொதிக்கும்போது அம்மா பேசவே மாட்டார். நாங்களும் பேச மாட்டோம். அந்தத் துக்கம் எனக்குக் கொடுக்கப்பட்டதுதான், நான் பட்டதில்லை. அதற்காக அது பொய்யா? அம்மா இல்லாத காலத்தில் நான் ரங்கூன் போய் இறங்கினால் அழுவேன். யாராவது கிழவர் என்னைப் பார்த்து, "நீ இன்னார் பேத்தியா" என்று கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். கேட்காவிட்டால், கேட்ட மாதிரி எழுதிக்கூட விடுவேன்.

ஆனால் ஒன்று. எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதே இல்லை. ஃபான் செங்தாவும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த உடை மாற்றிய ஜனங்களில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஜின் ஆட்சியில்தான் பிறந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது நிறுத்திப் பேசினாரா?

மேலவீதி எழுதுகிறார்:

மேலே தங்கை கேட்டது சரியான கேள்வி. அந்த ஜனங்கள் கவிதையிலேயே ஒரு இடத்தில் வருகிறார்கள். கைஃபெங்கின் பெரிய பௌத்தக் கோயிலில் சந்தை நாள். கூரை சாய்ந்து, பொன்னும் பச்சையும் பூசிய கோபுரத்தில் தூசி படிந்து கிடக்கிறது. வாசலில் ஆட்டுத்தோல் அங்கியும் ஓநாய்த்தோல் தொப்பியும் புது மோஸ்தராக விற்பனைக்கு வந்திருக்கின்றன. அதோடு கவிதை முடிகிறது. இவருக்கு அந்தத் தொப்பி, பறிபோனதன் அடையாளம். வாங்க வந்த பையனுக்கு அது குளிருக்குத் தொப்பி.

நான் தஞ்சாவூர் மராத்திக் குடும்பத்தில் பிறந்தவன். தஞ்சையின் முதல் மராத்திய மன்னர் ஏகோஜி காலத்தில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோம். வீட்டுக்குள் மராத்தி, வாசல் தாண்டினால் தமிழ். புனேக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் பாட்டி பேசிய மராத்தியைக் கேட்டு, "எல்லாம் கெட்டுப்போச்சே" என்று வருத்தப்பட்டார். பாட்டிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஃபான் செங்தாவின் நாட்குறிப்பைப் படிக்கும்போது எனக்குப் பாட்டி முகம்தான் வருகிறது. வெளியிலிருந்து வருகிறவர் எதை இழப்பு என்கிறாரோ, அதற்குள்தான் நாங்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பண்டிகை கொண்டாடி வாழ்கிறோம்.

இன்னொரு செய்தி. ஃபான் செங்தா யார் முன்னால் போய் நின்றாரோ, அந்த ஜின் பேரரசர் ஷிசோங்குக்கு இதே கவலை தலைகீழாக இருந்தது. ஜூர்சென்கள் தங்கள் மொழியை மறந்து, சீனப் பெயர் வைத்துக்கொண்டு, சீன உடை உடுத்துகிறார்கள் என்று அவர் புலம்பினார். அப்படிச் செய்யக்கூடாது என்று தடையே போட்டார். சீனர்கள் ஜூர்சென்களாகிவிட்டார்கள் என்று தூதர் அழுகிறார், ஜூர்சென்கள் சீனர்களாகிவிட்டார்கள் என்று பேரரசர் அழுகிறார். இரண்டு பேரும் ஒரே சபையில்.

அப்புறம் 1233-க்கு வாருங்கள். இப்போது கைஃபெங்கைப் பிடிப்பவர்கள் மங்கோலியர்கள். ஜின் அரசின் அதிகாரியும் பெரும் கவிஞருமான யுவான் ஹாவ்வென் சிறைப்பட்டு, மஞ்சள் ஆற்றைத் தாண்டி வடக்கே கொண்டுபோகப்படுகிறார். அவரும் நாலு வரிக் கவிதைதான் எழுதுகிறார். சாலையோரம் கைதிகள் விறைத்துக் கிடக்கிறார்கள். கம்பளி மூடிய வண்டிகள் வெள்ளம்போல் போகின்றன. அலங்கரித்த பெண்கள் குதிரைகளின் பின்னால் அழுதுகொண்டே நடக்கிறார்கள், யாருக்காக அடிக்கொரு தரம் திரும்பிப் பார்க்கிறார்கள்? இந்த யுவான் ஹாவ்வெனின் முன்னோர் வடக்கே ஆண்ட துவோபா ஷியான்பெய் இனத்தார். அந்தக் காலத்துச் சீனர் கணக்கில் அவர்களும் அந்நியர்கள்தான். ஜின் அரசுக்காக, சுத்தமான சீனக் கவிதையில், இவர் அழுகிறார். ஃபான் செங்தா வந்துபோய் 63 வருஷம்தான் ஆகிறது. அவர் வெறுத்த அந்த அரசு இன்னொருவருக்கு நாடாகியிருக்கிறது.

டீச்சர், உங்கள் பையனிடம் இந்த இரண்டு கவிதையையும் சேர்த்துக் கொடுங்கள்.

நாகூர்க் காற்று எழுதுகிறார்:

எல்லோரும் அழுகிறவர்களையே எடுத்துப் போடுகிறீர்கள். சோங் காலத்துக் கவிஞரும் அதிகாரியுமான சு ஷியை விட்டுவிட்டீர்கள். அவரைத் துரத்தியது அந்நியர் கிடையாது, சொந்த அரசாங்கமே. கட்சிச் சண்டையில் தோற்றுப்போனவர் என்று 1097-இல், அறுபது வயதுக் கிழவரை ஹைனான் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே லி இன மக்கள். ஹான் (சீன) மக்களும் லி மக்களும் சமமாக ஒரே குடிகள்தான் என்று அங்கே போய் எழுதினார்.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. குடித்துவிட்டுத் தனியாக நடந்து, நாலு லி வீடுகளுக்குப் போய்வந்த கவிதை. மூங்கில் முள்ளிலும் பிரம்பங்கொடியிலும் வழி தெரியவில்லை. மாட்டுச் சாணத்தைப் பார்த்துப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறார், வீடு மாட்டுத் தொழுவத்துக்கு மேற்கே, இன்னும் மேற்கே. உச்சிக் குடுமி வைத்த லி வீட்டுப் பிள்ளைகள் வெங்காயத் தாளை ஊதிக்கொண்டு கிழவரை வழியனுப்புகிறார்கள். நான் கப்பலில் வேலை பார்த்தவன். தெரியாத துறைமுகத்தில் முதலில் நம்மைச் சேர்த்துக்கொள்வது பிள்ளைகள்தான். 1100-இல் மன்னிப்புக் கிடைத்துக் கிளம்பும்போது, நான் இந்தத் தீவுக்காரன், ஷு நாட்டில் (இன்றைய சிச்சுவான்) பிறந்தது சும்மா தங்கியது மாதிரி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷமே இறந்துவிட்டார்.

நம் கடற்கரைக்கும் சோங் காலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரிந்திருக்கலாம். செங்கல் கோபுரம் ஒன்றில் 1267-ஐக் குறிக்கும் சீன எழுத்தைப் பார்த்ததாக வாங் தாயுவான் என்ற பயணி அடுத்த நூற்றாண்டில் எழுதினார். அது நாகப்பட்டினம் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. அங்கே மிஞ்சியிருந்த பழைய கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள்.

குடவாசல்காரி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை ஐயா, லௌ யுவே நாட்குறிப்பு எனக்குப் பெரிய உதவி. அழுதது உண்மை, கேட்டதுதான் கவிஞருடையது என்று இப்போது அந்தப் பையனிடம் தைரியமாகச் சொல்வேன். ஆனால் தெற்கு அரசைக் குத்துவதற்காக அந்தக் கேள்வியை வைத்தார் என்றால், அங்கே எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அந்தக் கிழவர்களுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாய். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், பேரப்பிள்ளை என்ன தொப்பி போட்டிருந்தான் என்று ஒன்றும் இல்லை. அரசியலுக்கு வேண்டிய அளவு துக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். உயிரைப் பணயம் வைத்துப் போனவர், அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சிறைவைத்துவிடுவார்கள் என்று தெரிந்தபோது, பழைய காலத்தில் 19 வருஷம் ஷியோங்னு நாட்டில் ஆடு மேய்த்த தூதர் சு வுவை நினைத்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார். கிடா பால் கறந்தால்தான் விடுதலை என்று சு வுவிடம் சொன்ன கதை அது. அந்தக் கவிதையில் இருக்கும் பயமும் உறுதியும் முழுக்க அவருடையவை. அங்கே ஒரு வரியும் எனக்கு நெருடவில்லை.

இந்த 72-இல் இன்னொன்று இருக்கிறது. இதைப் போன வாரம் வேகமாகக் கடந்துவிட்டோம். பெய்ஜிங்கை நெருங்கும்போது வழியில் ஒரு சத்திரம். கம்பளி மூடிய வண்டிக்குப் பின்னால் வேர்க்க வேர்க்க ஓடிவருகிறாள் ஒரு அடிமைப் பெண். இரண்டு கன்னத்திலும் "ஓடிப்போனவள்" என்று பச்சை குத்தியிருக்கிறது. எஜமானனே குத்தியது. ஹுவாய்ப் பக்கத்தில் எனக்கு அப்பாவும் அண்ணன்மாரும் இருக்கிறார்கள் என்கிறாள். அடிமையைக் கொன்றாலே அதிகாரிகள் கேட்பதில்லை, முகத்தில் எழுதியது சின்னத் தண்டனைதான் என்று கவிதை முடிகிறது.

இவள் படை எப்போது வரும் என்று கேட்கவில்லை. மன்னரைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா, அண்ணன், ஒரு ஆற்றின் பெயர், அவ்வளவுதான். இதிலும் அரசியல் இருக்கிறது, ஜின் ஆட்சியின் கொடுமையைக் காட்டத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கன்னத்தைப் பார்க்காமல் எழுத முடியாது. பாலத்துக் கவிதை ஹாங்சோவில் உட்கார்ந்துகொண்டுகூட எழுதியிருக்கக் கூடியது. இதற்கு அந்தச் சத்திரத்துக்குப் போயிருக்க வேண்டும். என் கணக்கில் 72-இல் பெரிய கவிதை இதுதான்.

ரங்கூன் தங்கச்சி, உன் அம்மா பேசாமல் நின்று குழம்பு வைப்பதை எழுதினாயே, அது போதும் எனக்கு. அப்படி வந்த துக்கத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நீ கேட்டதையும் விடமாட்டேன், வட்டத்தில் வைத்துப் பேசப்போகிறேன்.

வருகிற ஞாயிறு பாலம், சத்திரம், மேலவீதி அண்ணன் சொன்ன யுவான் ஹாவ்வென் கவிதை, இந்த மூன்றும் இதே வரிசையில். சு ஷிக்கு நேரம் போதாது, அடுத்த வாரம் முழுக்க அவருக்கே. மேலவீதி அண்ணா, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக வந்தால் பஸ் இருக்கிறது. நீங்களே வந்து யுவான் ஹாவ்வெனைப் பேசினால் நன்றாக இருக்கும். ஐயா, லௌ யுவேயின் அந்தப் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பையனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும்.